டொங்காரிரோ ஆற்றில் ட்ரவுட்: ஜூன் பயணத்துக்கு இங்கிருந்தே எப்படித் தயாராவது?

பொங்கோல் கரையோரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நம் சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் செயற்கை இரை வீசி பீகாக் பாஸும் தோமானும் பிடித்துப் பழகியவன் நான். ஈத்தூண்டில் முறையில், அதாவது ஃபிளை ஃபிஷிங்கில், எனக்கு அனுபவம் இல்லை. வரும் ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு நியூசிலாந்தின் வடதீவுக்குச் செல்லவிருக்கிறோம். டௌப்போ ஏரியின் தென்கரையை ஒட்டியுள்ள டூராங்கி என்ற சிற்றூரில் சில நாள்கள் தங்கி, அங்கே ஓடும் டொங்காரிரோ ஆற்றில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த ஆற்றில் ஈத்தூண்டிலுக்கு மட்டுமே அனுமதி உண்டு என்பதால், என்னிடமுள்ள ஸ்பின்னிங் கோலும் ரப்பர் மீன்களும் அங்கே பயன்படமாட்டா.

எந்த எண் கோல் வாங்குவது, இந்த வெப்பத்தில் இருந்துகொண்டு எவற்றையெல்லாம் பழகிக்கொள்ள முடியும், எல்லாவற்றுக்கும் மேலாக, வேகமாக ஓடும் குளிர்ந்த ஆற்றில் மீன் எங்கே நிற்கும் என்பதை எப்படிக் கண்டறிவது ஆகியவற்றை விளக்கினால் பேருதவியாக இருக்கும். நீர்த்தேக்கத்தில் மீன் கரையோரப் புதரிலோ மூழ்கிய மரத்திலோ இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆற்றைப் பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். என் தாய்வழி உறவினர்கள் நீலகிரியைச் சேர்ந்தவர்கள். அவலாஞ்சியில் ட்ரவுட் உண்டு என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டிசம்பர் விடுமுறையில் அங்கே சென்றால் தூண்டில் போட முடியுமா?

சிலேத்தார் துறைமேடை எழுதியது:

வணக்கம் தம்பி. ஸ்பின்னிங் கோலில் நீங்கள் இதுவரை வீசியது இரையின் எடையை. நரம்பு அதன் பின்னால் இழுபட்டுச் சென்றது. ஈத்தூண்டிலில் இரைக்கு எடையே இல்லை என்று சொல்லிவிடலாம். இறகும் நூலும் சுற்றப்பட்ட ஒரு சிறு கொக்கி, அவ்வளவுதான். இதையே ஈ என்கிறோம். எடை முழுவதும் தடித்த லைனில் இருக்கிறது. 5ஆம் எண் லைனின் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம், 8ஆம் எண் லைனின் முதல் 30 அடி ஏறத்தாழ 13.5 கிராம் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவு. கோலின் மேல் எழுதியிருக்கும் எண்ணும் இந்த எடையைத்தான் குறிக்கிறது. ஆகவே இரண்டும் பொருந்தும்படி வாங்க வேண்டும். 9 அடி நீளமுள்ள 6ஆம் எண் கோல் ஒன்றை வாங்கினால், பின்னாளில் லோவர் சிலேத்தாரில் பீகாக் பாஸுக்கும் அதையே பயன்படுத்தலாம் என்பது என் கருத்து.

பயிற்சிக்கு முதலில் தண்ணீர் தேவையில்லை. வீட்டு புளோக்குக்கு அருகில் காலியான புல்திடல் இருந்தால், அதிகாலையில் ஆள்நடமாட்டம் தொடங்குவதற்கு முன், கொக்கிக்குப் பதிலாக லைனின் நுனியில் சிறு கம்பளி நூல்துண்டைக் கட்டி வீசிப் பழகுங்கள். ஸ்பின்னிங் பழக்கமுள்ளவர்கள் மணிக்கட்டை வளைத்து, கோலை வேகமாகப் பின்னுக்கும் முன்னுக்கும் ஆட்டுவார்கள். இங்கே அது உதவாது. கோலை மெதுவாகத் தொடங்கி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, தலைக்குச் சற்றுப் பின்னால் சட்டென்று நிறுத்த வேண்டும். லைன் உங்களுக்குப் பின்னால் முழுவதும் விரியும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே முன்னோக்கிக் கொண்டுவர வேண்டும். தொடக்கத்தில் தலையைத் திருப்பி லைனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை நாளடைவில் கையே உணர்ந்துகொள்ளும். திடலில் 30 அடி தூரத்துக்கு நேராக விழச் செய்ய முடிந்தால் போதும், 60 அடிக்கு ஆசைப்பட்டு நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அடுத்து நீங்கள் கற்க வேண்டியது ரோல் காஸ்ட். டொங்காரிரோவின் கரைகளில் பல இடங்களில் புதர் அடர்ந்திருப்பதால் பின்னால் லைனை விரிக்க இடம் இருக்காது. லைனை நீரின் மேலேயே மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, கோலுக்குப் பின்புறம் அது தொங்கும் வளைவை உண்டாக்கி, அந்த வளைவை முன்னோக்கி உருட்டிவிடுவதுதான் ரோல் காஸ்ட். லைனை நீர் பற்றிப் பிடித்தால்தான் கோல் வளையும் என்பதால் இதைப் புல்லில் சரியாகப் பழக முடியாது. இதற்கு நீர்த்தேக்கத்துக்குத்தான் போக வேண்டும். பொதுப் பயனீட்டுக் கழகம் அனுமதித்துள்ள இடங்களில் மட்டும் நில்லுங்கள். செயற்கை இரை மட்டுமே என்ற விதி ஈத்தூண்டிலுக்கு எந்த வகையிலும் இடையூறு இல்லை. ஆனால் பின்னால் நடைபாதையும் மிதிவண்டிகளும் இருக்குமாதலால், அங்கே ரோல் காஸ்டை மட்டும் பழகுவதே பிறருக்குப் பாதுகாப்பு.

வடகாற்று எழுதியது:

சிலேத்தார் அண்ணன் சொன்ன பயிற்சி முறையோடு முழுவதும் உடன்படுகிறேன். கோலின் எண்ணில் மட்டும் மாறுபடுகிறேன், ஏனென்றால் பயணம் ஜூன் மாதத்தில்.

நமக்குப் பள்ளி விடுமுறையாக இருக்கும் அந்த மாதம் அங்கே குளிர்காலத் தொடக்கம். டௌப்போ ஏரியில் வளர்ந்த வானவில் ட்ரவுட் மீன்கள் முட்டையிடுவதற்காக டொங்காரிரோவில் ஏறத் தொடங்கும் பருவம் அது. ஏரியில் கொழுத்து வரும் அந்த மீன் நீரோட்டத்தின் பலத்தையும் சேர்த்துக்கொண்டு ஓடும். அதைத் தடுத்துத் திருப்ப 6ஆம் எண் கோல் திணறும். மேலும், குளிர்காலத்தில் அங்கே பெரும்பாலோர் இரண்டு ஈக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுகிறார்கள். முதலாவது, ஆற்றின் அடிவரை இறங்குவதற்காக உலோக மணி வைத்துக் கட்டிய கனமான நிம்ஃப், அதாவது நீர்ப்பூச்சியின் இளநிலையைப் போலக் கட்டிய ஈ. அதன் கொக்கியிலிருந்து நரம்பில் தொங்கும் இரண்டாவது, சிறியது, இலேசானது. இவற்றுக்கு மேலே, மீன் கவ்வுவதைக் காட்டுவதற்கு வெள்ளைக் கம்பளி முடிச்சு ஒன்று மிதக்கும். இத்தனையையும் எதிர்க்காற்றில் எடுத்து வீச 7ஆம் எண் கோல் வேண்டும். 8ஆம் எண் என்றாலும் தவறில்லை. டிசம்பரில் சென்று, சிள்வண்டைப் போலக் கட்டிய பெரிய மிதக்கும் ஈயைக் கோடை நீரில் விடுவதாக இருந்தால், அண்ணன் சொன்ன 6ஆம் எண்ணையே நானும் சொல்லியிருப்பேன்.

உரிமத்தைப் பற்றி ஒரு குறிப்பு. நியூசிலாந்தின் மற்றப் பகுதிகளுக்கு ஃபிஷ் அண்ட் கேம் அமைப்பு தரும் உரிமம் டௌப்போ வட்டாரத்தில் செல்லாது. அந்த வட்டாரத்துக்குரிய உரிமத்தை அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை தனியாக வழங்குகிறது. இணையத்திலேயே வாங்கலாம், ஒரு நாளுக்கும் கிடைக்கும்.

இனி நான் மிகவும் முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். 2004இல் தென்தீவின் ஆறுகளில் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது. கற்களின் மேல் பழுப்புநிறக் கம்பளம்போலப் படர்ந்து, பூச்சிகள் வாழும் இடத்தையே மூடிவிடும் பாசி அது. கண்ணுக்குத் தெரியாத ஒரே ஓர் உயிரணு ஈரமான காலணியில் ஒட்டிக்கொண்டு வந்தாலும் அடுத்த ஆற்றில் பரவிவிடும். வடதீவு இன்றுவரை அதிலிருந்து தப்பியிருக்கிறது. உரோமக் கம்பளி அடித்தளம் கொண்ட மீன்பிடிக் காலணிகள் எளிதில் காயமாட்டா என்பதால் 2008 முதல் அந்நாட்டு ஆறுகளில் அவற்றுக்குத் தடை உள்ளது. ரப்பர் அடித்தளமே அணிய வேண்டும். ஏற்கெனவே பயன்படுத்திய கோல், வலை, காலணி, இறகில் கட்டிய ஈக்கள் ஆகியவற்றை ஆக்லாந்து விமான நிலையத்தில் நுழைவுப் படிவத்தில் குறிப்பிட்டே ஆக வேண்டும். மறைத்தால் 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம். நன்றாகக் கழுவி, தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்குக் காய்ந்த பிறகும் மேலும் 48 மணி நேரம் உலரவிட வேண்டும் என்பது அங்குள்ள நெறிமுறை. நம் ஊர் ஈரக்காற்றில், கொடியில் போட்டால் காலணியின் உள்பகுதி காய்வதே இல்லை. குளிர்சாதன அறையில் மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள். நீர்புகாக் கால்சட்டையும் காலணியும் டூராங்கியிலுள்ள கடைகளில் வாடகைக்குக் கிடைக்கின்றன. உங்கள் முதல் பயணத்துக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது.

மேல்நீர் எழுதியது:

கோலையும் லைனையும் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டதால், மீன் எங்கே நிற்கும் என்ற கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன். அந்த ஆற்றில் வெற்றியைத் தீர்மானிப்பது வீச்சின் தூரமன்று, ஈ நீரோட்டத்தோடு இயல்பாக மிதந்து வருகிறதா என்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எவ்வளவு அழகாக வீசினாலும், ஈ நீரைக் கிழித்துக்கொண்டு இழுபட்டால் ட்ரவுட் அதைத் தொடாது.

ஆற்று மீனுக்கு எப்போதும் மூன்று தேவைகள் உண்டு: உணவு, ஒதுங்கிடம், உடல் களைக்காமல் நிற்க ஓர் இடம். வேகமான நீர் உணவைக் கொண்டுவரும், ஆனால் அதில் நிற்பதற்கே உடல்பலம் செலவாகும். ஆகவே மீன் மந்தமான நீரில் நின்றுகொண்டு, பக்கத்திலேயே ஓடும் வேகநீரிலிருந்து உணவை எட்டிப் பிடிக்கும். வேகநீரும் மந்தநீரும் உரசிக்கொண்டு ஓடும் கோட்டைத் தேடுங்கள். நுரைக்குமிழிகள் வரிசையாக மிதந்து போகும் தடம் அதை உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். ஒரு பெரும்பாறைக்குப் பின்னால் மட்டுமன்றி, அதற்கு முன்னாலும் நீர் மோதித் தேங்குவதால் சிறு மெத்தைபோன்ற அமைதியான இடம் உண்டாகிறது; பலர் அதைக் கவனிக்காமல் கடந்து போய்விடுகிறார்கள். சலசலப்பு நீர் சரிந்து மடுவுக்குள் இறங்கும் விளிம்பு, மடு முடிந்து நீர் மீண்டும் ஆழம் குறையத் தொடங்கும் வால்பகுதி ஆகிய இரண்டும், ஏரியிலிருந்து ஏறிவரும் மீன் இளைப்பாறும் இடங்கள். மேலும், ஆற்றின் மேற்பரப்பில் நீர் எவ்வளவு விரைந்து ஓடினாலும், அடியில் கற்களோடு உராய்வதால் வேகம் குறைந்திருக்கும். மேலே சீறிப் பாயும் நீரைப் பார்த்து இங்கே எந்த மீனும் நிற்க முடியாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

வெப்பநிலையையும் மனத்தில் கொள்ளுங்கள். வானவில் ட்ரவுட் நன்றாக உண்பது ஏறக்குறைய 12 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரில். 20 டிகிரியைத் தாண்டினால் அது தவிக்கும், 25 டிகிரியை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. 10 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். நம் நீர்த்தேக்கங்களின் 30 டிகிரி நீரோ 7.5 மில்லிகிராமுக்குமேல் தாங்காது. நம் ஊரில் ட்ரவுட் ஏன் வாழ முடியாது என்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். ஜூனில் டொங்காரிரோவின் நீர் மிகவும் குளிர்ந்திருக்கும். மீனின் உடல் இயக்கம் மந்தமாகிவிடுவதால், அது இரையைத் துரத்தி வராது. ஈ அதன் மூக்குக்கு நேரே, அடித்தளத்தை ஒட்டி வர வேண்டும். வடகாற்று சொன்ன கனமான நிம்ஃப் இதற்காகத்தான்.

ஆற்றில் இறங்கியதும் கோலை விரிப்பதற்கு முன், கரையோரத்தில் கணுக்காலளவு நீரில் கிடக்கும் ஒரு கல்லைத் தூக்கித் திருப்பிப் பாருங்கள். கல்லோடு கல்லாகத் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வாலாக மூன்று மெல்லிய இழைகளை நீட்டி, வயிற்றின் இரு பக்கங்களிலும் இலைபோன்ற செவுள்களைக் கொண்ட ஒரு பழுப்புப் பூச்சி விரைந்து மறுபுறம் ஓடும். அது மேஃபிளையின் இளநிலை, அதாவது நிம்ஃப். அந்நாட்டு ஆறுகளில் மிகுதியாகக் கிடைப்பது டெலியாட்டிடியம் என்ற பேரினம். அதற்கு அருகில், மணல்துகள்களை ஒட்டித் தானே கட்டிய சிறு குழலுக்குள் வாழும் கேடிஸ் புழுவையும் காணலாம். உங்கள் பெட்டியிலுள்ள ஈக்களில் எதை நரம்பில் கட்டுவது என்பதை அந்தக் கல்லே சொல்லிவிடும்: அதே அளவு, அதே நிறம், அதே ஒல்லியான உடல். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றங்கரையில் ஆற்றுக்காவலராக இருந்த ஃபிராங்க் சாயர், ஃபெசன்ட் கோழியின் வால் இழைகளையும் செம்புக் கம்பியையும் மட்டுமே கொண்டு கட்டிய நிம்ஃப் இன்றும் உலகம் முழுவதும் மீன் பிடிக்கிறது. உங்கள் பெட்டியில் அது பல அளவுகளில் இருக்கட்டும். முட்டையிட ஏறும் மீன் பெரும்பாலும் உண்பதைக் குறைத்துவிட்டாலும், எதிரே மிதந்து வருவதைக் கவ்வும் பழக்கத்தை விட்டுவிடுவதில்லை. மற்ற மீன்களின் முட்டைகள் நீரில் அடித்துவரப்படும் காலம் அது என்பதால், ஆரஞ்சு நிறப் பஞ்சில் உருண்டையாகக் கட்டிய முட்டை வடிவமும் நன்றாக வேலை செய்கிறது.

இப்போது மிதவைக்கு, அதாவது ஈ இயல்பாக மிதந்து வரச் செய்வதற்கு, வருகிறேன். உங்களுக்கும் மீனுக்கும் இடையில் ஒரு வேகநீர்த் தாரை ஓடினால், அது உங்கள் லைனின் நடுப்பகுதியைப் பிடித்து வில்லாக வளைத்து, ஈயைப் பின்னால் இழுத்துச் செல்லும். லைன் நீரில் விழுந்தவுடனே கோலின் நுனியால் அதை மெல்ல உயர்த்தி, வளைவு மேல்நீர்ப்பக்கம் இருக்கும்படி மடித்துப் போட வேண்டும். சில நேரங்களில் ஒரே மிதவையில் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். சரியாகச் செய்கிறீர்களா என்பதை அறிய ஒரு வழி உண்டு. கம்பளி முடிச்சையும் அதன் பக்கத்தில் மிதக்கும் நுரைக்குமிழியையும் சேர்த்துப் பாருங்கள். முடிச்சு குமிழியைவிடச் சற்று மெதுவாக நகர்ந்தால், ஈ அடியிலுள்ள மந்தநீரின் வேகத்தில் வருகிறது என்று பொருள். குமிழியை முந்தினால் ஈ இழுபடுகிறது, மீண்டும் வீசுங்கள்.

மீன் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து மேல்நீரை நோக்கி நிற்பதால், நீங்கள் கீழ்நீர்ப்பக்கமிருந்து அணுக வேண்டும். நீருக்கடியிலிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, ஏறத்தாழ 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்தின் வழியாகத்தான் வெளியுலகம் தெரிகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே மேற்பரப்பு வெறும் கண்ணாடியாகவே தெரியும். கரையில் உள்ளவை அந்தச் சாளரத்தின் ஓரத்தில் நசுங்கித் தெரிவதால், குனிந்து தாழ்வாக வருபவர் எளிதில் கண்ணில் படமாட்டார். உயர்ந்த கரையில் நிமிர்ந்து நின்றால், வீசுவதற்கு முன்பே மீன் போய்விடும்.

ஓடும் நீரைப் படிக்க இங்கேயே ஓர் இடம் இருக்கிறது. பீஷான் அங் மோ கியோ பூங்காவில், முன்பு கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆறு 2012இல் இயற்கை ஆறுபோல வளைந்தோடும்படி மாற்றப்பட்டது. அங்கே தூண்டில் போடக் கூடாது. ஆனால் கற்களுக்கு இடையில் நீர் எப்படிப் பிரிகிறது, எங்கே சுழல்கிறது, உதிர்ந்த இலை ஒன்று எந்தத் தடத்தில் போகிறது என்பதைப் பாலத்தின் மேல் நின்று மணிக்கணக்கில் பார்க்கலாம். மழை பெய்தால் நீர்மட்டம் சட்டென்று ஏறும். எச்சரிக்கை ஒலி கேட்டவுடன் கரையை விட்டு மேலே வந்துவிடுங்கள்.

குன்னூர்ப் பூர்விகம் எழுதியது:

நீலகிரியைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். பெரியவர்கள் சொன்னது உண்மைதான். இந்தியாவுக்கு ட்ரவுட் இயற்கையாக உரிய மீனன்று. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே 1860களிலேயே நீலகிரியில் ட்ரவுட் வளர்க்க முயன்று தோற்றார். குளிர்ந்த நாட்டு மீன்முட்டையை வெப்பமண்டலக் கடலைக் கடந்து உயிரோடு கொண்டுவருவதே அக்காலத்தில் பெரும்பாடு. அதே காலக்கட்டத்தில், 1864இல், நார்ஃபோக் என்ற கப்பலில் பனிக்கட்டிகளுக்கு நடுவே ஈரப்பாசியில் பொதிந்து அனுப்பப்பட்ட முட்டைகள் டாஸ்மேனியாவைச் சென்றடைந்து பொரித்தன. அங்கிருந்து 1867இல் பழுப்பு ட்ரவுட் நியூசிலாந்துக்குப் போனது. வானவில் ட்ரவுட் 1883இல் கலிபோர்னியாவிலிருந்து அங்கே வந்து சேர்ந்தது. ஆக, நீங்கள் டொங்காரிரோவில் பிடிக்கப்போகும் மீனும் குடியேறிய மீன்தான்.

நீலகிரியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் எடுத்த முயற்சிக்குப் பிறகே வானவில் ட்ரவுட் நிலைத்தது. அவலாஞ்சியின் குஞ்சுபொரிப்பகம் 1907இல் அமைந்தது. பழுப்பு ட்ரவுட்டைவிடச் சற்று மிகுந்த வெப்பத்தை வானவில் ட்ரவுட் தாங்கும் என்பதால்தான், நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கே, ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்திலுள்ள ஓடைகளில் அது பிழைத்தது. மூணாற்றின் உயர்மலை ஓடைகளில் இருப்பதும் அதே இனம். வடக்கே காஷ்மீரில் 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பழுப்பு ட்ரவுட் வேரூன்றி, அங்கிருந்து இமாசலப் பிரதேசத்தின் ஆறுகளுக்கும் பரவியது.

ஆனால் டிசம்பரில் கோலை எடுத்துக்கொண்டு நேராக அவலாஞ்சிக்குப் போய்விடலாம் என்று எண்ண வேண்டாம். அந்தக் காடு முழுவதும் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. நீர்மின் திட்டங்களுக்காக அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகள் கட்டப்பட்டபின் பழைய ஓடைகளின் போக்கே மாறிவிட்டது. முக்குருத்தி தேசியப் பூங்காவின் எல்லைக்குள் மீன்பிடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. மீன்வளத் துறையிடமும் வனத்துறையிடமும் எழுத்துமூலம் அனுமதி பெறாமல் பயணச்சீட்டு வாங்காதீர்கள். எங்கள் மலை ஓடைகளின்மீது எனக்குள்ள பற்று பெரிது. ஆனாலும் ஒரு தொடக்கநிலைக்காரருக்கு அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இந்தியாவில்தான் பிடிக்க வேண்டும் என்றால் இமாசலத்தின் தீர்த்தன் ஆற்றையும் பாரோட்டில் ஓடும் ஊல் ஆற்றையும் எண்ணிப் பாருங்கள். மாநில மீன்வளத் துறையின் உரிமம் வாங்கினால் போதும். நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி முடியும்வரை அங்கே ட்ரவுட்டுக்குத் தடைக்காலம் என்பதால், நம் ஆண்டிறுதி விடுமுறை பொருந்தாது. கோடையிலோ, பருவமழைக்குப் பின் செப்டம்பர், அக்டோபரிலோ விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்கே அது ஏற்றது.

பொங்கோல் கரையோரம் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. சிலேத்தார் அண்ணன் வருந்தக் கூடாது. பயணம் குளிர்காலத்தில் என்பதால் 7ஆம் எண் கோலையே வாங்க முடிவு செய்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை பீஷான் பூங்காவுக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்கிறேன்.

மேல்நீர் அக்காவிடம் இன்னும் ஒரு கேள்வி. கம்பளி முடிச்சு அசைந்தவுடன் என்ன செய்வது, மீன் மாட்டியபின் அதை எப்படிக் கரைசேர்ப்பது? மேலும், அந்த ஆற்றில் இறங்கி நிற்பது ஆபத்தா என்று என் மனைவி கவலைப்படுகிறார்.

மேல்நீர் எழுதியது:

உங்கள் மனைவியின் கவலை நியாயமானது. அதனால் அதற்கே முதலில் விடை சொல்கிறேன். முழங்காலுக்கு மேல் வேகநீர் வந்தால், கால் வைக்கும் ஒவ்வொரு கல்லையும் ஊன்றுகோலால் சோதித்த பிறகே அடியெடுத்து வையுங்கள். நீர்புகாக் கால்சட்டையின் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டாமல் ஒருபோதும் இறங்க வேண்டாம். விழ நேர்ந்தால் உள்ளே நீர் நிரம்பாமல் காப்பது அந்தப் பட்டைதான். ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தால் கீழ்நீர்ப்பக்கமாகச் சாய்வாகக் கடக்க வேண்டும்; நேர் எதிராகப் போராடக் கூடாது. அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து, பாதங்களைக் கீழ்நீர்ப்பக்கம் நீட்டி, நீர் மந்தமாகும் இடம்வரை மிதந்து சென்று கரையேறுங்கள். மலையில் பெய்யும் மழையாலும், மேலேயுள்ள நீர்மின் அமைப்புகளிலிருந்து திறந்துவிடப்படும் நீராலும் டொங்காரிரோவின் மட்டம் உயரக்கூடும். ஆற்றின் நீரளவு இணையத்தில் வெளியிடப்படுகிறது. காலையில் புறப்படுமுன் அதைப் பாருங்கள். குளிர்காலத்தில் பெரும்பாலான மீன்கள் கரையிலிருந்து எட்டும் தூரத்திலேயே நிற்பதால், தொடைவரை இறங்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

முடிச்சு மூழ்கினாலும், நின்றாலும், பக்கவாட்டில் திரும்பினாலும் உடனே கோலை உயர்த்திவிடுங்கள். அடியிலுள்ள கல்லா, மீனா என்று யோசிக்கும் அந்த நொடியில் மீன் ஈயைத் துப்பிவிடும். கோலைக் கீழ்நீர்ப்பக்கமாகச் சாய்த்து உயர்த்தினால், மேல்நீரை நோக்கி நிற்கும் மீனின் வாயோரத்தில் கொக்கி பதியும். அதன்பின் கோலை வளைத்தே வைத்திருங்கள். மீன் ஓடும்போது ரீலைப் பிடிக்காமல் ஓடவிட்டு, நிற்கும்போது லைனைச் சுற்றுங்கள். அது கீழ்நீருக்குப் பாய்ந்தால், நின்ற இடத்திலிருந்து இழுக்காமல் கரைவழியாக நீங்களும் இறங்கிச் சென்று அதற்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். மேல்நோக்கி இழுத்தால் மீனின் எடையோடு ஆற்றின் எடையும் சேர்ந்து நரம்பை அறுத்துவிடும்.

விட்டுவிடுவதாக இருந்தால் கொக்கியின் எதிர்முள்ளை முன்கூட்டியே குறட்டால் நசுக்கிவிடுங்கள். கைகளை நனைத்த பிறகே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் உடலை மூடியிருக்கும் வழவழப்பை உரித்துவிடுவதால், அந்த இடத்தில் பூஞ்சை பற்றிக்கொள்ளும். மீன் நீரிலேயே இருக்கட்டும், படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் தூக்குங்கள். பின்பு தலை மேல்நீரை நோக்கியிருக்கும்படி மந்தநீரில் தளர்வாகப் பிடித்திருந்தால், வலு வந்ததும் அதுவே கையை விட்டு நீங்கும். உண்பதற்கு ஒன்றை வைத்துக்கொள்ள விரும்பினால், விதிகளில் சொல்லியிருக்கும் எண்ணிக்கையையும் அளவையும் சரிபாருங்கள். ட்ரவுட்டை விற்பதற்கு அந்நாட்டில் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே உணவகத்தில் கேட்டு ஏமாற வேண்டாம், தாங்களே பிடித்ததைத் தாங்களே சமைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் நாளுக்கு மட்டும் டூராங்கியில் ஒரு வழிகாட்டியை அரைநாள் அமர்த்திக்கொள்ளுங்கள். அன்றைய நீரளவுக்கு எந்த மடுவில் நிற்பது, நிம்ஃபின் எடை எவ்வளவு இருக்க வேண்டும், முடிச்சுக்கும் ஈக்கும் இடையில் எத்தனை அடி விடுவது என்பவற்றை ஆற்றங்கரையில் வைத்தே காட்டிவிடுவார். ஜூனில் அவர்களுக்கு வேலை மிகுதி என்பதால் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள்.